ரிவர்ஸ் பெட்டி

"அப்பா, பின்னால போக நம்ம வண்டிக்குத் தெரியாதா?"

மேரி ஷாலினி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. செம்மண்டலத்தில் அவர்கள் வீட்டை ஒட்டிய சந்துக்குள் மூக்கை நுழைத்து நின்ற டீசல் புல்லட்டை, தைரியராஜ் சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தரையை உந்தி உந்தித் தெருவுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். வண்டி மட்டும் இருநூறு கிலோ. பின்னால் தொங்கிய இரும்புப் பெட்டிகளில் இருபது கிலோ எடைக்கல் ஐந்து. சந்து வேறு உள்பக்கம் சரிவு. ஒவ்வொரு உந்தலுக்கும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"தெரியாதும்மா. அதுக்குத்தான் சாமி எனக்கு ரெண்டு காலு குடுத்திருக்காரு" என்றார்.

அரிசி களைந்துகொண்டிருந்த சவரிமேரி அதைக் கேட்டுச் சிரித்தாள். கடவுள் கொடுத்ததைச் சொல்லிப் பெருமைப்படுவது தப்பில்லை என்று நினைக்கிற பெண் அவள். பத்து வருஷம் கழித்து அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தபோது, களைந்த அரிசியை உலையில் போட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தைரியராஜுக்குத் தராசு வேலை. கடலூரிலிருந்து ஒரு பக்கம் பண்ருட்டி, காடாம்புலியூர் வரைக்கும், இன்னொரு பக்கம் சிதம்பரம் வரைக்கும் அவருக்கு லைன் உண்டு. முந்திரிக் கொட்டை நிறுக்கிற பெரிய தராசு, மளிகைக்கடைத் தராசு, மீன் மார்க்கெட் தராசு எதுவானாலும் காலத்துக்குக் காலம் அரசாங்க முத்திரை வாங்க வேண்டும். அதற்கு முன்னால் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் சரியான எடைக்கல்லை வைத்துப் பார்த்து, தேய்ந்த முனையைத் தீட்டி, முள்ளை நேராக்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் கற்களைச் சுமக்கத்தான் புல்லட். நூறு கிலோ இரும்பை ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் ஓடும், ஒரு லிட்டர் டீசலுக்கு அறுபது கிலோமீட்டர் கொடுக்கும். "என் கல்லு பொய் சொல்லாது" என்பார். அவரும் சொல்லமாட்டார்.

'தானே' புயல் அடித்த நான்காம் நாள், காடாம்புலியூர் முந்திரி வியாபாரி ஒருவர் கூப்பிட்டார் என்று போனார். கொட்டகை விழுந்து, அதன் அடியில் தராசு சிக்கிக் கிடந்தது. கண்ணுக்கு எட்டியவரை முந்திரி மரங்கள் வேரோடு படுத்திருந்தன. பாதி சாய்ந்து நின்ற பலாமரம் ஒன்றை ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அது அவர்கள் நினைத்த பக்கம் விழவில்லை. புல்லட்டின் மேல் விழுந்து, புல்லட் தைரியராஜின் இடது காலின் மேல் விழுந்தது. வண்டிக்கு ஒரு பக்கம் நசுங்கியதோடு சரி. காலுக்குள் கம்பி வைத்தார்கள். முட்டி மடங்காது என்று சொல்லி ஊன்றுகோலைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

சவரிமேரியின் தம்பி லூயிஸ் சிதம்பரத்தில் மெக்கானிக். பிப்ரவரி கடைசியில் வந்து புல்லட்டுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டினான். இடது கால் பிரேக்கை மாற்றிக் கைக்குக் கொண்டுவந்தான். இனிமேல் வண்டி தானாக நிற்கும், கால் ஊன்ற வேண்டாம். முன்னால் ஓட்டுவதற்குத் தைரியராஜுக்கு ஒரு தடையும் இல்லை. பின்னால் தள்ளுவதற்குத்தான் வழியில்லை. சந்துக்குள் முன்பக்கமாக நுழைத்தால் வெளியே வரப் பின்னால் தள்ள வேண்டும். பின்பக்கமாக நுழைப்பதென்றால் நுழைக்கும்போதே தள்ள வேண்டும். தெருவில் விடலாமென்றால் எட்டடித் தெரு, எதிரே திறந்த சாக்கடை.

வண்டி சந்துக்குள்ளேயே நின்றது. அதற்கு எதிரே நாற்காலி போட்டுத் தைரியராஜ் உட்கார்ந்திருந்தார். முகம் மழிக்கவில்லை. கரண்டு போனால் விசிறிக்கொள்ளவுமில்லை. அந்த வருஷம் கரண்டு இருந்த நேரத்தைவிடப் போன நேரம்தான் ஜாஸ்தி.

தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. பூசை முடிந்து வந்து சவரிமேரி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கத்திரிக்காயும் மொச்சையும் போட்டது. சாப்பிட உட்கார்ந்த லூயிஸ், முதல் கவளம் வாய்க்குப் போகுமுன்பே ஆரம்பித்தான்.

"மாமா, கெடச்சிடுச்சு. புவனகிரிக்காரன் ஒருத்தன் லோடு ஆட்டோவ ஒடைக்கக் குடுத்தான். அதுல ரிவர்ஸ் பெட்டி பழுதில்லாம இருக்குது. இஞ்சினுக்கும் பின்வீலுக்கும் நடுவுல ஒக்கார வெச்சிடலாம். கையில ஒரு லீவர். முன்னால தள்ளுனா முன்னால போவும், இழுத்தா பின்னால வரும்."

தைரியராஜ் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "நாலு கியரும் பின்னால போவுமா மச்சான்?"

"போவும். அதுக்காக சிதம்பரத்துக்குப் பின்னாலயே வந்து சேந்துடாதீங்க."

தைரியராஜ் சிரித்தார். சத்தமாக ஒன்றும் இல்லை, மூக்கால் ஒரு சிரிப்பு. ஆனால் இரண்டரை மாதத்தில் அந்த வீட்டில் அதுதான் அவருடைய முதல் சிரிப்பு. குழம்பு ஊற்றப்போன சவரிமேரியின் கை அப்படியே நின்றது. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகும் அவள் சொன்னாள்:

"அதெல்லாம் வேணாம்."

"என்னா வேணாம்?"

"ரிவர்சு கிவர்சு வேணாம். ஆர்சி புக்குல ஏத்தணும், அதுக்கு மஞ்சக்குப்பம் ஆர்டிஓ ஆபீசுக்கு அலையணும். யாரால முடியும்?"

"நான் அலையறேன்க்கா."

"சேசிய அறுக்கணும்னு நீதான போன வாரம் சொன்ன. நடுரோட்டுல ரெண்டா போச்சுன்னா?"

"சேசிய அறுக்கல. ஒரு பிராக்கெட்டு வெல்டிங். அக்கா, நான் இதுல இருபது வருசமா இருக்கேன்."

"பக்கிரி அண்ணன் இருக்காரில்ல? காலையில வெளிய இழுத்து உடச் சொன்னா உடமாட்டாரா?"

பக்கிரி அடுத்த வீட்டு இஸ்திரிக்காரர். வாசலிலேயே வண்டி போட்டுத் துணி தேய்ப்பவர். கேட்டால் மறுக்கமாட்டார். கேட்காமலேயே இரண்டு நாளைக்கு ஒருதரம் சந்துக்குள் வந்து புல்லட்டின் டேங்கைத் துடைத்துவிட்டுப் போகிறவர்.

தைரியராஜ் தட்டைத் தள்ளி வைத்தார். "பக்கிரி இங்க இருப்பான். புதுச்சத்திரத்துல யாரு இருப்பா? மீன் மார்க்கெட்டு சந்துக்குள்ள யாரு இருப்பா? ஒவ்வொரு கடை வாசல்லயும் நின்னுக்கிட்டு, தம்பி கொஞ்சம் தள்ளி உடுப்பா, கொஞ்சம் தள்ளி உடுப்பான்னு கை நீட்டச் சொல்றியா மேரி? தராசுக்காரன் வந்திருக்கான்னு சொல்லுவானா, பிச்சைக்காரன் வந்திருக்கான்னு சொல்லுவானா?"

"தள்ளி உட்டா கொறஞ்சா போயிடுவாங்க? மனுசனுக்கு மனுசன் செய்யறதுதான."

"செய்யறவனுக்குக் கொறையாது."

அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு சந்துப்பக்கம் போய்விட்டார். ஷாலினி அம்மாவை முறைத்தாள். பதினாறு வயது, பிளஸ் ஒன் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. "ஒனக்கு என்னாதாம்மா பிரச்சன? அப்பாவே இன்னிக்குத்தான் பேசுச்சு."

"நீ போயிப் படி."

லூயிஸ் சாப்பிட்டு எழுந்தான். வாசலில் செருப்பு மாட்டும்போது, "ஒன்ன எனக்குப் புரியலக்கா" என்றான்.

தன்னுடைய பிரச்சினையைச் சவரிமேரி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்ற பயம் அவளுக்கு.

பத்து நாளுக்கு முன்னால் பீரோவில் துணி அடுக்கும்போது ஒரு பிஸ்கட் டின் கைக்கு வந்தது. திறந்து பார்த்தாள். கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, அவருடைய இன்சூரன்ஸ் பத்திரம், ஷாலினியின் ஞானஸ்நானச் சான்றிதழ். இத்தனை வருஷமாக ஃபிரிட்ஜ் மேலும் பைபிளுக்குள்ளும் தையல் மிஷின் டிராயரிலும் சிதறிக் கிடந்தவை எல்லாம் ஒன்றாக, ஒழுங்காக. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் அவருடைய குண்டு குண்டான எழுத்து. 'இதைக் கொடுத்தால் கேஸ் பெயர் மாற்றித் தருவார்கள்.' 'இதற்கு இறப்புச் சான்று மூன்று நகல்.'

அவள் டின்னை மூடி அதே இடத்தில் வைத்தாள். அன்று மாலை தைரியராஜ், ஏதோ ஊர்க்கதை கேட்பவர்போல, "வெள்ளாத்துல இப்ப தண்ணி நெறைய இருக்குமா மேரி?" என்றார்.

"யாருக்குத் தெரியும்" என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தச் சந்துதான் துணை. வண்டி உள்ளே நிற்கிறது. அவரால் அதை வெளியே எடுக்க முடியாது. எடுக்க வேண்டுமானால் பக்கிரியைக் கூப்பிட வேண்டும், பக்கிரி வந்தால் அவளுக்குத் தெரியும். பின்னால் போகத் தெரியாத அந்த வண்டி தன் வீட்டுக்காரரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அவள் நம்பினாள். அதற்குப் போய் இவர்கள் ரிவர்ஸ் மாட்டப் பார்க்கிறார்கள். மாட்டிவிட்டால் ஒருவர் துணையும் இல்லாமல், ஒருவருக்கும் தெரியாமல், எந்நேரமும் அவர் கிளம்பிப் போகலாம்.

காலுக்குப் பார்க்கிற டாக்டரிடம் தனியாகச் சொன்னாள். அவர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். தைரியராஜ் கேள்வி கேட்காமல் விழுங்கினார். சாயங்காலம் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போனால் ஏழாம் ஸ்தலத்துக்குமேல் அவளால் முழங்காலில் நிற்க முடியவில்லை. ஆண்டவர் இரண்டாம் தடவை விழுகிற ஸ்தலம் அது. அங்கேயே எழுந்து, யார் பார்வையிலும் படாமல் வீட்டுக்கு ஓடிவருவாள். நாற்காலி சந்துக்குள் இருக்கிறதா, ஆள் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் மூச்சு வரும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கிரியிடம், "அண்ணே, ஒரு அவசரம், வர்ற வரைக்கும் அவுங்களக் கொஞ்சம் பேச்சுல வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினாள். பக்கிரி ஏன் என்று கேட்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த வேட்டியை மடித்து வைத்துவிட்டு, தாயக்கட்டையை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனார்.

ஆலப்பாக்கம் தாண்டி, புதுச்சத்திரம் தாண்டி, முட்லூர் தாண்டிப் பஸ் வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில் ஆற்றுக்கு இறங்கும் சரிவு தெரிந்தது. அதில் காட்டாமணக்கு மண்டியிருந்தது. தண்ணீர் நிறையத்தான் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, பஸ் மறுகரை ஏறும்வரை அருள் நிறைந்த மரியே ஜெபம் சொன்னாள்.

லூயிஸின் பட்டறை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். கரண்டு இல்லை. வெல்டிங் வேலை பாதியில் நிற்க, ஆயில் கையோடு ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தான்.

"என்னாக்கா சொல்லாம கொள்ளாம? மாமாவுக்கு என்னா?"

"ஒண்ணுமில்ல. தண்ணி குடு."

குடித்தாள். பிறகு சொன்னாள். டின்னைச் சொன்னாள், துண்டுக் காகிதங்களைச் சொன்னாள், தண்ணி நிறைய இருக்குமா என்று கேட்டதைச் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை லூயிஸ் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும் துடைத்தான்.

"அப்ப மாமாவ நீ சந்துக்குள்ள பூட்டி வெச்சிருக்க."

"ஆமாண்டா. பூட்டித்தான் வெச்சிருக்கேன். தப்பா?"

"தப்பா சரியான்னு சாமியாரக் கேளு. எனக்கு வண்டி பத்தித்தான் தெரியும். ரெண்டு மாசம் ஓட்டாம நிறுத்துனா என்னா ஆவும்? டேங்கு துருப் புடிக்கும், டயரு தரையோட ஒட்டிக்கும். நல்ல வண்டிதான், நின்னே கெட்டுப்பூடும். ஒரு மனுசன் நாளு பூரா செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா நெனப்பு வேற எங்க போவும்?"

"போவ உட்டா திரும்பி வருவாருன்னு நீ எழுதித் தருவியா?"

லூயிஸால் எழுதித் தர முடியாது. அது அவளுக்கும் தெரியும். கேட் மூடி, மயிலாடுதுறை வண்டி ஒன்று போய், கேட் திறந்தது.

"அவரு போறத நீ தடுக்க முடியாது. நானும் முடியாது" என்றான் கடைசியில். "போறது ஒனக்குத் தெரியற மாதிரி வேணும்னா பண்ணித் தர்றேன்."

அவன் எழுந்துபோய் ஒரு தகர டப்பாவைக் கிளறினான். சிகரெட் பெட்டி அளவில் கறுப்பாக ஒன்றை எடுத்துப் பேட்டரியில் ஒயரை வைத்தான். 'அட்டென்ஷன் ப்ளீஸ். திஸ் கார் இஸ் பேக்கிங் அப்' என்று ஒரு பெண்குரல் பட்டறை அதிரச் சொன்னது.

"கார் ரிவர்ஸ் ஹாரன். லீவர இழுத்தா கத்தும். மூணு வீட்டுக்குக் கேக்கும். சத்தமில்லாம அந்தச் சந்த உட்டு வர முடியாது."

சவரிமேரி அந்தக் கறுப்புப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"கேட்டா என்னாடா சொல்லுவ?"

"ஆர்டிஓ ரூலுன்னு சொல்றேன்."

நான்கு நாள் வேலை. கரண்டு இரண்டு மணி நேரம் இருந்தால் இரண்டு மணி நேரம் இல்லை. இருக்கிற நேரத்தில் லூயிஸ் வெல்டிங் வைத்தான், இல்லாத நேரத்தில் அரம் போட்டான். தைரியராஜ் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் சவரம் செய்துகொண்டார். சவரிமேரி பாசிப்பயறு போட்டுக் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். பக்கிரி நடுநடுவே வந்து, "என்னா மெக்கானிக்கு, ஏரோப்ளேனே செஞ்சிடலாம் போலருக்கே" என்றுவிட்டுப் போவார்.

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் தைரியராஜ் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். லீவரை இழுத்தார். புல்லட் டக் டக்கென்று சரிவில் பின்னால் ஏறியது. கூடவே அந்தப் பெண்குரலும் கிளம்பியது.

"யாரது பேசறது?" பக்கிரி எட்டிப் பார்த்தார். "என்னா சொல்லுது?"

"கார் பின்னால வருதாம்" என்றாள் ஷாலினி.

"காரா? அண்ணே, ஒங்களுக்கு பிரமோசன்."

தெரு சிரித்தது. தைரியராஜ் சிரிக்கவில்லை. "இது எதுக்கு மச்சான்?" என்று கேட்டார்.

"ஆர்டிஓ ரூலு மாமா."

தைரியராஜ் அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சவரிமேரியைப் பார்த்தார்.

ஈஸ்டர் முடிந்து லைனுக்குப் போக ஆரம்பித்தார். காலை ஐந்தே முக்காலுக்கு அட்டென்ஷன் ப்ளீஸ். சவரிமேரி பாயிலிருந்து துள்ளி எழுந்து ஜன்னலுக்குப் போவாள். தெருமுனையில் வண்டிச் சத்தம் தேய்கிறவரை நிற்பாள். பிறகு இருட்டும்வரை அவளுக்குப் பகல் என்று ஒன்று இல்லை. தைக்க வந்த ரவிக்கைகளில் கை மாற்றி வைத்துத் தைத்துப் பிரித்தாள். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டாலும் பயம். லூயிஸ் தினமும் பதினோரு மணிக்கு ஒரு கடைக்குப் போன் போட்டு விசாரித்து, "முட்லூர்ல டீ குடிக்கிறாராம்" என்று சொல்லுவான். அந்த ஒரு வரிக்காக அவள் காலை முழுதும் காத்திருந்தாள்.

தெருவுக்குப் பொழுது போயிற்று. டீக்கடையில், "தைரியராஜுக்கு வீட்டுல ஒண்ணு, வண்டியில ஒண்ணு. ரெண்டும் ஒரே நேரத்துல கத்துனா மனுசன் எங்க போவாரு" என்று பேசிக்கொண்டார்கள். சிதம்பரம் மார்க்கெட்டில் அவருக்கு 'அட்டென்ஷன்' என்றே பேர் வைத்துவிட்டார்கள் என்று லூயிஸ் சொன்னான். போகிற ஒவ்வொரு கடை வாசலிலும் அந்தக் குரல் ஊரைக் கூட்டியது. தள்ளிவிடச் சொல்லிக் கை நீட்ட வேண்டாம் என்றுதான் ரிவர்ஸ் கேட்டார். இப்போது கை நீட்டவில்லை, ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஒயரைப் பிடுங்கினால் போதும், தராசின் முள்ளைத் திருத்துகிற கைக்கு அது ஒரு வேலையா? அவர் பிடுங்கவில்லை. மறந்துவிட்டார் என்று சவரிமேரி நினைத்தாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் இருட்டிய பிறகு வந்தார். கையில் பூவரச இலையில் கட்டிய பொட்டலம். பிரித்தால் இறால்.

"யாரு குடுத்தா?"

"ஒரு அம்மா."

முருங்கைக்காய் போட்டு வைத்தாள். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவளும் மேலே கேட்கவில்லை. அதற்குப் பிறகு வியாழன்தோறும் இறால் வந்தது.

ஆடி பிறந்து ஒரு பெரிய மழை பெய்தது. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு இஞ்சின் சத்தம் கேட்டது. குரல் வரவில்லை. சவரிமேரி தடுமாறி எழுந்து கதவைத் திறக்குமுன் சந்துக்குள்ளிருந்து தைரியராஜே சத்தம் கொடுத்தார்.

"மேரி, வண்டி பின்னால வருது."

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புல்லட் மெல்லத் தெருவுக்கு வந்தது. "தண்ணி எறங்கிடுச்சு போல, கத்த மாட்டேங்குது" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "மஞ்சக்குப்பத்துல குடுத்து சரி பண்ணிட்டு வந்துடறேன்."

சாயங்காலம் வரும்போது ஹாரன் கத்தியது. காசு கொடுத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். ஷாலினி டியூஷன் போயிருந்தாள். கரண்டு இல்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"லூயிசுக்குப் பொய் வராது. ரூலுன்னு சொன்னப்பவே காது செவந்துச்சு." காப்பியை ஆற்றினார். "டின்னப் பாத்துட்ட இல்ல?"

"பாத்தேன்."

வெகுநேரம் ஆற்றினார். பிறகு சொன்னார்.

"பொய் சொல்ல மாட்டேன் மேரி. பாலத்துக்கிட்ட ஒரு நாள் நிறுத்துனேன். செவுரு முடியற எடத்துல, சரிவப் பாத்து. முன் வீலு மண்ணுல எறங்கிடுச்சு. இஞ்சின நிறுத்தல. எவ்ளோ நேரம்னு தெரியல. யாரோ வண்டிய அமுக்குனாங்க. திரும்பிப் பாத்தா ஒரு அம்மா, பரங்கிப்பேட்டக்காரங்க, எறாக் கூடைய எடைக்கல் பெட்டி மேல வெச்சிட்டு ஏறி ஒக்காந்திருக்காங்க. அவுங்களுக்காகத்தான் நிறுத்தியிருக்கேன்னு நெனச்சிக்கிட்டாங்க. 'பஸ்சு போயிடுச்சிய்யா, மார்க்கெட்டு வரைக்கும் உட்டுடு, நல்லாருப்ப'ன்னாங்க."

சவரிமேரி இன்னும் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எறங்குங்கன்னு சொல்ல வாய் வரல. அவுங்கள வெச்சிக்கிட்டு முன்னாலயும் போவ முடியாது. லீவர இழுத்தேன். இது அங்கயும் கத்துச்சு. 'யாருய்யா அது, ஒம் பொண்டாட்டியா, எங்க ஒளிச்சு வெச்சிருக்க'ன்னாங்க அந்த அம்மா. மங்கலம்னு பேரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு மேரி. அங்க போயி சிரிப்பு வந்துடுச்சு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வியாழக்கெழம அந்த அம்மா பாலத்து முனையில நிக்கும். நான் போவலன்னா பஸ்சுக்குக் காத்துக் கெடக்கும், எறா கெட்டுப்பூடும்." காப்பியைக் குடித்து முடித்தார். "மத்த நாள்ல அங்க நிறுத்தறதில்ல. வேகத்தக்கூடக் கொறைக்கறதில்ல."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்த ஹாரன் எதுக்கு இன்னும்? ஊரே சிரிக்குது, கழட்டிப் போட வேண்டியதுதான?"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும். அது கேட்டாத்தான நீ நிம்மதியா அடுப்பப் பத்த வெப்ப" என்றார்.

இத்தனை மாதமாக அவர் அதை மறக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. தெருத்தெருவாக, கடைக்குக் கடை, அவளுடைய பயத்தை ஊர் சிரிக்க அவர் சுமந்து போயிருக்கிறார். ஒரு நாள்கூட இறக்கி வைக்கவில்லை. இறங்கிப்போனதையும் காசு கொடுத்துத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண் அயர்ந்தார். ஷாலினி ஞான உபதேச வகுப்புக்குப் போயிருந்தாள். பக்கிரி ஊரில் இல்லை. சவரிமேரி சந்துக்குள் போய் வண்டியின் பின்பக்கம் குந்தினாள். லூயிஸ் மாட்டும்போது பார்த்திருந்ததால் ஒயர் எதுவென்று தெரியும். பிடித்தாள். சட்டென்று விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். டின்னில் இருந்த எழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. அம்மா மரியே என்று ஒரு தடவை சொல்லி, மறுபடி குனிந்து, இழுத்துவிட்டாள். முனையைத் தையல் மிஷினிலிருந்து கிழித்துவந்த ரவிக்கைத் துணியால் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டினாள். நான்கு முடிச்சு. கைகளைக் கழுவிக்கொண்டு வந்து இரவுக்கு மாவு கரைத்தாள். அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்கால். விழித்துத்தான் கிடந்தாள். இஞ்சின் உயிர் பெற்றது. லீவர் விழும் சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஒரு குரலும் இல்லை. புல்லட் அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. அவர் இறங்கிப் பார்க்கிறார் என்று ஊன்றுகோல் தட்டும் சத்தம் சொன்னது. துணி சுற்றிய முனையை விரல் தடவுகிற நேரம் அளவுக்கு எல்லாம் அமைதியாக இருந்தது.

பிறகு வண்டி மெல்லப் பின்னால் ஏறித் தெருவுக்கு வந்தது. திரும்பியது. தெருமுனைக்குப் போனது.

சவரிமேரி ஜன்னலுக்குப் போகவில்லை. எழுந்து, தலைமயிரை முடிந்துகொண்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.